மாறுபட்டுப் பேசியவர் மீது ஏன் பாய்கிறோம்? கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கம், அறக்கட்டளை, பள்ளி நிர்வாகக் குழு, அலுவலகப் பிரிவு, கட்சிக் கிளை என்று நாலு பேர் கூடி முடிவெடுக்கும் இடங்களில் தலைமை நாற்காலியில் உட்காரும் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்களை நெறிப்படுத்துவதும், பிளவுபட்ட தரப்புகளுக்கு நடுவே அமர்ந்து பேச்சு நடத்துவதும் எங்கள் தொழில். ஒருவர் மாற்றுக் கருத்தைச் சொன்னதும் அவையே அவர் மீது பாய்வது ஏன், அதில் தலைவரான உங்கள் பங்கு எவ்வளவு, எதை மாற்றினால் அது தணியும் என்பதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம். மூடிய அறையில் தனித்தனியாகச் சொன்னால் இது "அந்தக் குழுவின் பிரச்சினை" என்று ஆகிவிடுகிறது. இது எல்லாக் குழுக்களிலும் நடப்பது.

வாக்குவாதம் முற்றும்போது நீங்கள் வழக்கமாகச் சொல்வது, "எல்லோரும் நாகரிகமாகப் பேசுங்கள்." அது பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. பாய்கிறவர் தன்னை நாகரிகம் கெட்டவராக நினைப்பதே இல்லை. குழுவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார். அவருக்கு அறிவுரை சொல்வதைவிட, பேச்சு எந்த வரிசையில் நடக்கிறது, யார் முதலில் வாய் திறக்கிறார், எது எழுதிவைக்கப்படுகிறது என்பவற்றை மாற்றுவது பல மடங்கு பயன் தரும். அந்த மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

முதலில், பாய்ச்சல் எப்படித் தொடங்குகிறது என்பதை நெருங்கிப் பாருங்கள். ஒரு தீர்மானம் வாசிக்கப்படுகிறது. பத்துப் பேரில் ஏழு பேர் தலையாட்டிவிட்டார்கள். எட்டாமவர், "இந்தச் செலவுக் கணக்கில் பராமரிப்பே சேர்க்கவில்லையே?" என்கிறார். வரும் முதல் பதில், "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்." இரண்டாவது, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே." மூன்றாவது, "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்." நான்காவது சற்றுத் தாழ்ந்த குரலில் வரும்: "யார் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறீர்கள்?"

பேச்சு நாலே வாக்கியத்தில் விஷயத்திலிருந்து நேரத்துக்கும், நேரத்திலிருந்து ஆளின் குணத்துக்கும், குணத்திலிருந்து உள்நோக்கத்துக்கும் நகர்ந்துவிட்டது. பராமரிப்புத் தொகை கணக்கில் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் கவனிப்பது இந்த நகர்வைத்தான். குரல் உயர்வதைக் கவனிப்பதில்லை. குரல் உயராமலேயே உள்நோக்கம் வரை போய்விடும் கூட்டங்கள் உண்டு, அவைதான் அதிகம் புண்படுத்துகின்றன. இரண்டாவது வாக்கியம் வந்ததும் தலைவர் குறுக்கிட்டால் திருப்பிவிடலாம்: "எப்போது சொன்னார் என்பது இருக்கட்டும். பராமரிப்பு கணக்கில் இருக்கிறதா, பொருளாளர் சொல்லுங்கள்." நான்காவது வாக்கியத்துக்குப் பிறகு குறுக்கிட்டால் அது ஒரு தரப்பை ஆதரிப்பதாகவே தெரியும். "எப்போதுமே", "உங்களைப் போன்றவர்கள்", "இப்போது எதற்கு இது", "யார் பின்னால்" போன்ற சொற்கள் காதில் விழுந்தால் உடனே பேச்சை நிறுத்தி, விஷயத்தை ஒரு கேள்வியாக்கி, பதில் சொல்லவேண்டியவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏன் இந்த நகர்வு? ஒவ்வொருவரும் தான் பார்ப்பதைத்தான் உலகம் என்று எடுத்துக்கொள்கிறோம். நமக்குத் தெளிவாகத் தெரிவது எதிரில் இருப்பவருக்கும் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் அவருக்கு விவரம் போதவில்லை. விவரம் சொன்ன பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யோசிக்கத் தெரியவில்லை. அதுவும் இல்லை, நன்றாக யோசிக்கத் தெரிந்தவர் என்றால் வேறு ஏதோ ஆதாயம் இருக்கிறது. இந்தப் படிவரிசையை லீ ராஸ் என்ற சமூக உளவியலாளர் 1990களில் விரிவாக விளக்கினார். நம் கூட்டங்களில் "புரியவில்லை போலிருக்கிறது" என்பது "புரிந்தும் நடிக்கிறார்" என்று மாறுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

சான்றைக் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் 1979இல் வெளியான ஒரு சோதனையை அறிந்திருக்க வேண்டும். சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்களையும் எதிர்த்த 24 மாணவர்களையும் அழைத்து, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். இரு தரப்பும் படித்தது ஒரே தாள்களை. தங்கள் கருத்துக்குச் சாதகமான ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது என்றும் எதிரான ஆய்வில் ஓட்டைகள் இருக்கின்றன என்றும் இரு தரப்பும் சொன்னார்கள். தங்கள் நிலையில் முன்பைவிட இன்னும் உறுதியாகிவிட்டதாகவும் சொன்னார்கள். யாரும் சான்றைப் படிக்காமல் தள்ளவில்லை. கூர்ந்து படித்தார்கள். அந்தக் கூர்மை ஒரு பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.

இதிலிருந்து "உண்மையைச் சொன்னால் எதிர்விளைவுதான் வரும்" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். அப்படி ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் அந்த எதிர்விளைவு கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. பிழையைத் திருத்தினால் பெரும்பாலோர் தகவல் அளவில் திருத்தத்தை ஏற்கிறார்கள். நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதுதான் கடினம். ஆகவே எண்களைச் சரிசெய்யத் தயங்கவேண்டாம். எண் சரியானதும் மனமும் மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, மாறாதவர் மீது எரிச்சல் கொள்வதை மட்டும் விடுங்கள்.

அடுத்த காரணம் குழு. மாற்றுக் கருத்து வெளியாளிடமிருந்து வந்தால் "அவர்கள் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அதையே நம்மில் ஒருவர் சொன்னால் கோபம் இரட்டிப்பாகிறது. தன் குழுவின் விலகிய உறுப்பினரை, அதே தவறு செய்த வெளியாளைவிடக் கடுமையாக மதிப்பிடும் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் 1980களிலேயே பதிவுசெய்துவிட்டார்கள். வெளியாளின் கருத்து நம்மை எதிர்க்கிறது, அவ்வளவுதான். உள்ளவரின் கருத்து "நாம் யார்" என்பதையே கேள்வியாக்குகிறது.

ஸ்டான்லி ஷாக்டர் 1951இல் வெளியிட்ட சோதனை இன்றைக்கும் ஒவ்வொரு செயற்குழுவுக்கும் பொருந்தும். ஒரு குற்றச் சிறுவனை எப்படி நடத்துவது என்று குழுக்களை விவாதிக்கச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேரை முன்கூட்டியே சொல்லிவைத்து அமர்த்தியிருந்தார். ஒருவர் தொடக்கம் முதலே பெரும்பான்மையோடு ஒத்துப்போனார். ஒருவர் மாறுபட்டுத் தொடங்கி நடுவில் மனம் மாறினார். ஒருவர் கடைசிவரை மாறுபட்டே நின்றார். பேச்சில் பெரும்பகுதி அந்தக் கடைசி ஆளை நோக்கித்தான் போனது, அவரை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில். ஒட்டுதல் மிகுந்த குழுக்களில், அந்த விவாதமே குழுவின் வேலையாகவும் இருந்த இடத்தில், அவரை ஒதுக்கிவிட்டவர்கள் முடிவை நெருங்கும்போது அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு பொறுப்புகளுக்குப் பெயர் முன்மொழியச் சொன்னபோது, யாரும் விரும்பாத கடிதப் போக்குவரத்துக் குழுவுக்கு அவர் பெயர் அதிகம் வந்தது, செயற்குழுவுக்குக் குறைவாக வந்தது. மனம் மாறியவருக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

அந்தச் சோதனையில் யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் ஏசவில்லை. தண்டனை பொறுப்புப் பட்டியல் வழியாக வந்தது. உங்கள் குழுவில் கடந்த ஆண்டு எதிர்த்துப் பேசியவர்கள் இந்த ஆண்டு எந்தெந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். இந்த மடலிலிருந்து ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யச் சொல்வோம்.

மூன்றாவது காரணத்தைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. மாற்றுக் கருத்தை ஏற்றுக்கொண்டால் நேற்று வரை நான் செய்தது என்னாவது? இக்னாஸ் செம்மல்வைஸ் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவு மருத்துவராக இருந்தார். மருத்துவர்களும் மாணவர்களும் பணிபுரிந்த முதல் பிரிவில், 1847 ஏப்ரலில், பிரசவித்த தாய்மார்களில் சுமார் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். பிண அறையிலிருந்து வரும் கைகளில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்று முடிவுசெய்து, மே மாத நடுவில் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவவேண்டும் என்று விதித்தார். ஜூனில் இறப்பு சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது. எண்கள் இத்தனை தெளிவாக இருந்தும் பெரும் பேராசிரியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. அவருடைய விளக்கம் அன்றைய நோய்க் கோட்பாட்டோடு பொருந்தவில்லை என்பது ஒரு பக்கம். ஏற்றுக்கொண்டால், தன் கைகளாலேயே எத்தனை தாய்மாருக்கு மரணத்தைக் கொண்டுபோனேன் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மருத்துவரும் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பது இன்னொரு பக்கம்.

செம்மல்வைஸும் அந்தக் கேள்வியை எளிதாக்கவில்லை. தன் ஆய்வை நூலாக வெளியிட 1861 வரை எடுத்துக்கொண்டார். பிறகு எழுதிய திறந்த மடல்களில் தன்னை மறுத்த பேராசிரியர்களைக் கொலைக்குப் பொறுப்பானவர்களாகவே சாடினார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையை ஏற்றுக்கொண்டு ஒருவர் கௌரவத்தோடு வெளியேற அந்த மடல்களில் வழியே இல்லை. 1865இல் மனநல விடுதி ஒன்றில் அவர் இறந்தார்.

ஆகவே யாராவது அளவுக்கு மீறிச் சீறினால், "இவர் ஏன் இத்தனை பிடிவாதம்?" என்று கேட்பதைவிட, "இந்தக் கருத்து சரி என்றால் இவர் இதுவரை செய்ததில் எது தவறாகிவிடும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். தெரிந்ததும் தலைவர் செய்யவேண்டியது, பழைய முடிவையும் இன்றைய கேள்வியையும் வாய்விட்டுப் பிரிப்பது. "அன்று கையில் இருந்த விவரத்தை வைத்து எடுத்த முடிவு அது. இப்போது புதிய விவரம் வந்திருக்கிறது" என்ற இரண்டு வாக்கியம் போதும். அது பொய்யாக இருக்கக்கூடாது. அன்றே தெரிந்த விவரத்தை மறைத்திருந்தார்கள் என்றால் அதைத் தனியாக, வேறு கூட்டத்தில் விசாரியுங்கள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்தால், தண்டனைக்கு அஞ்சியே புதிய விவரத்தை மறுப்பார்கள்.

இனி நடைமுறை.

கை தூக்கச் சொல்லிக் கருத்துக் கேட்பதை நிறுத்துங்கள். சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோடு சோதனைகளில், தனியாகக் காட்டிய ஒரு கோட்டின் நீளத்துக்கு மூன்று கோடுகளில் எது சமம் என்ற மிக எளிய கேள்விக்கு, முன்கூட்டியே சொல்லிவைத்தபடி முன்னால் பேசியவர்கள் ஒருமனதாகத் தவறான விடை சொன்னபோது, கடைசியில் பேசியவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் தவறையே பின்பற்றின. முன்னால் பேசியவர்களில் ஒரே ஒருவர் சரியான விடை சொல்லிவிட்டால் அந்த ஒத்துப்போதல் முன்பு இருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோட்டிலேயே இப்படி என்றால் நிதி, நியமனம், கொள்கை போன்றவற்றில் எப்படி இருக்கும்?

எனவே முக்கியமான தீர்மானம் எதுவானாலும் பேச்சு தொடங்கும் முன் ஐந்து நிமிட மௌனம் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று வரி எழுதட்டும்: என் நிலை, அதற்கு முக்கியமான ஒரு காரணம், என்னை உறுத்தும் ஒன்று. மூன்றாவது வரி கட்டாயம். ஆதரிப்பவரும் எழுதவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லோரும் உறுத்தலை எழுதியிருக்கும்போது உறுத்தலைச் சொல்வது எதிர்ப்பாகத் தெரிவதில்லை, வேலையின் ஒரு பகுதியாகத் தெரிகிறது. பிறகு அவரவர் தாளை அவரவரே வாசிக்கவேண்டும். வரிசை, புதியவர் அல்லது பொறுப்பில் இளையவர் முதலில், தலைவர் கடைசியில். ராணுவ நீதிமன்றங்களில் இளைய அதிகாரி முதலில் கருத்துச் சொல்லும் மரபு இருப்பது இதே காரணத்தால்தான்.

இது எங்கே கெடும் என்றால், தலைவர் கடைசியில் பேசுவதாகச் சொல்லிவிட்டு நிகழ்ச்சி நிரலிலேயே "இன்ன திட்டத்துக்கு ஒப்புதல் பெறுதல்" என்று அச்சடித்துவிடுவார். அதன் பிறகு அவர் வாய் திறக்காமல் இருந்து பயனில்லை. நிரலில் கேள்வியாக எழுதுங்கள்: "இன்ன திட்டத்தை ஏற்கலாமா? ஏற்றால் எந்த நிபந்தனையோடு?" தாள்களைச் செயலாளர் வாங்கி வாசிப்பதும் கெடுக்கும். அவர் சுருக்கும்போது உறுத்தல்தான் முதலில் உதிரும்.

மாற்றுக் கருத்து வந்த பிறகு அடுத்து வரும் வாக்கியம் யாருடையது என்பது மிக முக்கியம். அது தலைவருடையதாக இருக்கட்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டும். அவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை யாரும் மறுப்புச் சொல்லக்கூடாது. "இல்லை" என்றால் இன்னொரு முறை. இரண்டு முறைக்கு மேல் போனால் அவரையே ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கருத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பலரும் இதைத் தவறாகச் செய்கிறார்கள். "பராமரிப்புத் தொகை கணக்கில் இல்லை" என்று சொன்னவரிடம், "அப்படியென்றால் உங்களுக்குத் திட்டம் பிடிக்கவில்லை, அதானே?" என்று திருப்பினால், சொன்ன தகவல் விருப்பு வெறுப்பாகிவிடுகிறது. அவர் அதை மறுப்பதிலேயே மூச்சை விடுவார். "நீங்கள் சொல்வது சரிதான், ஆனால்" என்பதும் உதவாது. "ஆனால்" வந்ததும் முன்னால் சொன்ன பாதி அழிந்துவிடும். "பராமரிப்பு சேரவில்லை என்கிறீர்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் சேர்த்தால் போதும் என்பது இன்னொரு கருத்து. இரண்டையும் பார்ப்போம்" என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பிறகு கருத்து வேறுபாடு எந்த வகை என்று பாருங்கள். நடந்தது என்ன, எண் எது என்பதில் வேறுபாடா? அதற்குப் பேச்சே வேண்டாம், ஆவணத்தைத் திறந்தால் போதும். இன்று இல்லையென்றால் யார் எந்தத் தேதிக்குள் கொண்டுவருவது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எது முக்கியம் என்பதில் வேறுபாடா? அங்கே எண்களைக் குவிப்பது வீண். இரு தரப்பும் எதைக் காக்க நினைக்கிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். யாருக்கு நஷ்டம் என்பதில் வேறுபாடா? இதுதான் மிகவும் முகமூடி போட்டு வரும். தன் பிரிவின் ஆட்கள் குறைவார்கள் என்ற கவலையை யாரும் அப்படியே சொல்லமாட்டார்கள். "இந்த முறையில் தரம் கெடும்" என்பார்கள். தரத்தைப் பற்றி எத்தனை சான்று காட்டினாலும் அடுத்த ஆட்சேபம் வந்துகொண்டே இருந்தால், கூட்டத்தை நிறுத்தித் தனியாக, "இதனால் உங்கள் பக்கம் என்ன குறையும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைச் சபையில் கேட்டால் அது உள்நோக்கம் கற்பிப்பதாகிவிடும். தனியாகக் கேட்டால் அக்கறை.

வாதம் சூடாகும்போது "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதைவிட "அது படிப்படியாக எப்படி நடக்கும்?" என்று கேட்பது நல்லது. ஏன் என்ற கேள்வி அவருக்குள் இருக்கும் வக்கீலை எழுப்பிவிடும், காரணங்கள் அடுக்கப்படும். எப்படி என்ற கேள்வி, தனக்கு எந்தப் படி தெரியவில்லை என்று சொல்பவருக்கே காட்டும். இதைப் பற்றி 2013இல் வந்த ஓர் ஆய்வு, விளக்கச் சொன்னால் தீவிரம் குறைவதாகச் சொன்னது. பிறகு வந்த மறுசோதனைகளில் அது எல்லா இடத்திலும் அதே போல வரவில்லை. எனவே மனம் மாறும் என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். பேச்சு ஆளை விட்டு விஷயத்துக்குத் திரும்புகிறது, அதற்காகவே பரிந்துரைக்கிறோம். இரு தரப்பிடமும் ஒரே அளவு கேட்கவேண்டும். எதிர்த்தவரிடம் மட்டும் கேட்டால் அது குறுக்கு விசாரணை.

உடல் சூடாகிவிட்டால் எந்த நுட்பமும் பலிக்காது. முகம் சிவந்து, மூச்சு மேலே ஏறி, ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்கிறார் என்றால் இடைவேளை விடுங்கள். இரண்டு நிமிட இடைவேளை போதாது, குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்திலும் தன் ஆட்களோடு மூலையில் நின்று "பார்த்தீர்களா அவர் பேசியதை" என்று மறுஒலிபரப்புச் செய்தால் சூடு ஏறித்தான் திரும்புவார்கள். கோபத்தைக் கொட்டினால் தணியும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. தனித்தனியாக நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கடுமையாகவே எதிர்க்கிறோம். "குறை சொல்லாதீர்கள், மாற்று வழி சொல்லுங்கள்" என்று பல தலைவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த விதி, ஆபத்தை முதலில் பார்க்கிறவர் வாயை அடைக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் திட எரிபொருள் உந்திகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போஜலே உட்பட, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவவேண்டாம் என்றார்கள். அவர்களிடம் மாற்று வளையம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல மட்டுமே முடிந்தது. நாசா அதிகாரிகள் ஆட்சேபித்ததும் நிறுவனம் தொலைபேசிக் கூட்டத்திலிருந்து விலகித் தனியாகப் பேசியது. பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்று பொறியியல் துணைத் தலைவரிடம் மேலதிகாரி சொன்னது பின்னர் விசாரணையில் பதிவாகியிருக்கிறது. முடிவெடுத்தது நான்கு மேலாளர்கள். மறுநாள் ஏவப்பட்ட 73 நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரிய ஏச்சுப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. நிரூபிக்கும் சுமையைப் புரட்டிப்போட்டார்கள், அவ்வளவுதான். வழக்கமாக "பாதுகாப்பானது என்று காட்டு" என்பார்கள். அன்று "பாதுகாப்பற்றது என்று நிரூபி" என்றார்கள். உங்கள் கூட்டத்தில் எதிர்க்கிறவரிடம் "ஆதாரம் எங்கே?" என்று எழும் குரல், முன்மொழிந்தவரிடமும் அதே அளவு எழுந்ததா என்று பாருங்கள். விசாரணைக் குழுவின் முன் உண்மையைச் சொன்ன பிறகு போஜலேயைச் சக ஊழியர்கள் பலர் ஒதுக்கினார்கள். சொன்னது பலித்த பிறகும் ஒதுக்கினார்கள். "நிரூபணமானால் மதிப்பார்கள்" என்று எதிர்க்கருத்தாளருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல், பாதுகாப்பை முன்கூட்டியே நீங்கள் கொடுக்கவேண்டும் என்பது அதனால்தான்.

சிலர் கூட்டத்துக்கு ஒருவரை "எதிர்வாதி" என்று நியமிக்கிறார்கள். இதை முழுமையாக நம்பவேண்டாம். சார்லன் நெமெத்தும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையாகவே மாறுபடுகிறவர் தூண்டும் அளவுக்குப் புதிய சிந்தனையை நியமிக்கப்பட்ட எதிர்வாதி தூண்டவில்லை. நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும், "எதிர்ப்பையும் கேட்டாயிற்று" என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். நெமெத்தின் இன்னொரு முடிவு எங்களுக்கு இன்னும் முக்கியம். உண்மையான சிறுபான்மைக் குரல் தவறாகவே இருந்தாலும், மற்றவர்கள் அதைக் கேட்டதால் பல கோணங்களில் யோசிக்கிறார்கள். ஆகவே அவர் சொன்னது சரியா தப்பா என்பதை மட்டும் வைத்து அவர் பேச்சு வீணா இல்லையா என்று கணக்கிடாதீர்கள்.

மினிட்ஸ் புத்தகத்தில் "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர், விவாதத்துக்குப் பின் ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. எதிர்ப்பு இருந்தால் அது ஒருமனதாக இல்லை. எதிர்ப்பின் காரணத்தை நான்கு வரிக்கு மிகாமல் அவர் சொற்களிலேயே எழுதி, கூட்டம் கலையும் முன் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா என்று அவரையே கேளுங்கள். அதன் கீழே, இந்த முடிவை எந்த நிலை வந்தால் மறுபரிசீலனை செய்வோம் என்று ஒரு வரி: எந்த எண், எந்தத் தேதி, யார் பார்ப்பது. "தேவைப்பட்டால்" என்று எழுதினால் அது ஒருநாளும் தேவைப்படாது. இந்த வரி இருந்தால் எதிர்த்தவர் கூட்டத்துக்குக் கூட்டம் அதையே கிளப்பவேண்டிய அவசியம் இல்லை. ஆதரித்தவர்களும் அவரைத் தொல்லை என்று நினைக்கமாட்டார்கள்.

எல்லாப் பேச்சையும் மாற்றுக் கருத்து என்று ஏற்கச் சொல்லவில்லை. மிரட்டல், ஒருவரின் பிறப்பையோ உடலையோ இழித்துப் பேசுவது, அறையில் இருக்கும் ஒருவருக்கு அங்கே இருக்கவே தகுதியில்லை என்பது, இவற்றுக்குத் திருப்பிச் சொல்லும் மரியாதை கிடையாது, அங்கேயே நிறுத்துங்கள். ஆவணம் காட்டிப் பதில் சொன்ன பிறகும் அதே பொய்யைப் புதிது போலச் சொல்கிறவருக்கு, மினிட்ஸில் பதில் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போகலாம். ஆனால் தொனி கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காகக் கருத்தைத் தள்ளாதீர்கள். பலமுறை கேட்கப்படாதவர் பேச்சில்தான் கரடு ஏறுகிறது. தொனியைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், கருத்துக்குச் சபையில் பதில் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு வரும் இரண்டு வாரத்தையும் கவனிக்கச் சொல்வோம். எதிர்த்துப் பேசியவருக்கு வழக்கமாக வரும் தகவல் வருகிறதா? அவரைச் சேர்க்காமல் தனிக் குழு ஏதாவது முளைத்திருக்கிறதா? தேநீர் நேரத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதா? முடிந்தால் இரண்டாம் நாளே அவரிடம் வேறு ஒரு வேலை பற்றி, அவர் திறமை தேவைப்படும் வேலை பற்றி, எல்லோர் முன்னாலும் ஆலோசனை கேளுங்கள். மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவரிடம் எப்படி நடப்பது என்று முடிவுசெய்கிறார்கள். தனியாகக் கூப்பிட்டு "நீங்கள் பேசியதில் எனக்கு வருத்தமில்லை" என்று சொல்வது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம், சபைக்கு அது தெரியாது.

ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு, வருவதையே நிறுத்திவிட்ட உறுப்பினர்கள் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அவர்களை "பழசை மறந்துவிட்டு வாருங்கள்" என்று அழைக்காதீர்கள். அவர் எதிர்த்த தீர்மானம் இருக்கும் மினிட்ஸ் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், "உங்கள் காரணம் இதில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் சொல்லும் நான்கு வரியை வாங்கிவந்து, அடுத்த கூட்டத்தின் நிரலில் "முந்தைய குறிப்பில் திருத்தம்" என்று முதல் பொருளாகச் சேருங்கள்.

இப்படிக்கு,
கூட்ட நெறியாளர்கள், சமரசப் பேச்சாளர்கள் சிலர்